நிலாவின் துக்கமும் தொட்டியின் துக்கமும்

டிஸ்டோப்பியா என்றொரு கதைவகை உண்டு. அரசே மனிதனை விழுங்கிவிடும் கொடிய நாட்டைக் கற்பனையில் காட்டுவது அது. 1949-இல் வெளிவந்த ஆர்வெல்லின் '1984' என்னும் நாவலை நம் பிள்ளைகள் காலேஜில் படித்திருப்பார்கள். தமிழில் எது என்று கேட்டால் பலரும் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைத்தான் சொல்வார்கள். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணியாற்றியபடி, எண்பதுகளில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய தொடர் அது.

அதில் நடப்பது ஜீவாவின் ஆட்சி. பெயர் இரண்டு எழுத்தில்தான் இருக்க வேண்டும். பிள்ளை பெறவும் அனுமதி தேவை. நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். எவ்வளவு பெரிய துக்கம்! ஆனால் கதை விறுவிறுவென்று ஓட ஓட, ஜீனோ என்ற இயந்திர நாயின் குறும்பில் மயங்கி, நாமும் சிபியை மறந்துவிடுகிறோம். சிபியோடு நிலா வாழ்ந்த வாழ்க்கையை நாம் சில பக்கங்களே பார்த்தோம். இழந்தது என்னவென்று தெரியாதவனுக்கு அழுகை எப்படி வரும்?

கொள்ளேகாலில் குடியிருக்கும் எனக்கு இந்தக் குறை உறைத்தது ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி'யைப் படித்த பிறகுதான். 2004-இல் வந்த நாவல். வருங்காலக் கதை அல்ல. நம் பக்கத்து மலைக் கதை. வீரப்பனைத் தேடிய தமிழக, கர்நாடக அதிரடிப்படைகளிடம் மலைமக்கள் பட்ட பாட்டைச் சொல்வது. மாதேஸ்வரன் மலை அப்போது எங்கள் கொள்ளேகால் தாலூகாவில்தான் இருந்தது. சதாசிவா குழுவின் விசாரணைக்குப் பிறகு, 2007-இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்கச் சொன்னது. ஆகவே இதைக் 'கற்பனை' என்று தள்ளிவிட முடியாது.

நாவலின் முதல் பாதியில் சித்திரவதை கிடையாது. காடு, விதைப்பு, வேட்டை, சாமி, சண்டை சச்சரவு என்று தொட்டியின் அன்றாடமே ஓடுகிறது. சிலருக்கு அது இழுவையாகத் தோன்றலாம். எனக்கு அதுவே நாவலின் உயிர். அங்கே சிரித்துப் பேசியவர்களைத்தானே இரண்டாம் பாதியில் இழுத்துக்கொண்டு போகிறார்கள்! நமக்கும் நெஞ்சு அடைத்துப்போகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஜீவாவின் நாட்டில் பெயரைச் சுருக்கியதும் சாதியும் ஊரும் கண்ணில் படாமல் போகின்றன. அநீதி எல்லோருக்கும் பொதுவாகிவிடுகிறது. தொட்டியிலோ அது ஆள் பார்த்து வருகிறது. முதலில் நிலம் பறிபோகிறது. பிறகு உடம்பும் மானமும். நிலத்தைக் காக்க முடியாதவன் வீட்டுக் கதவைத்தான் போலீஸ் முதலில் தட்டுகிறது. சமூக அநீதியைப் பேசவரும் எந்தக் கதையும் இந்த வரிசையைக் காட்டியாக வேண்டும் என்பது என் கருத்து.

சுஜாதாவைக் குறைத்துச் சொல்வதல்ல என் நோக்கம். அதிகாரத்தைச் சந்தேகப்பட ஒரு தலைமுறைக்கே கற்றுத் தந்தவர் அவர். அந்தப் பாடத்தோடு நின்றுவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். வீட்டுப் பிள்ளை '1984'ஐக் கையில் எடுத்தால், தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர் யாராவது 'சோளகர் தொட்டி'யையும் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டட்டும்.