தொப்பியும் மனைவியும்

நோய் என்பது எங்களைப் போன்ற கதைக்காரர்களுக்கு ரொம்பச் சௌகரியமான விஷயம். கதாநாயகனைத் தொலைக்க வேண்டுமா, ஒரு நோய். வாசகரை அழவைக்க வேண்டுமா, இன்னொரு நோய். ஆனால் அந்த நோயோடு ஒருவன் மறுநாள் காலையில் எழுந்து எப்படிச் சட்டை போட்டுக்கொள்கிறான் என்று நாங்கள் எழுதுவது அபூர்வம். அதை எழுதியவர் ஒரு வைத்தியர். 1933-ல் லண்டனில் பிறந்து, நியூயார்க்கில் நரம்பு வைத்தியராக வாழ்ந்து, 2015-ல் காலமான ஆலிவர் சாக்ஸ். 1985-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்துக்கு, மனைவியைத் தொப்பி என்று நினைத்துக்கொண்ட மனிதனைத் தலைப்பாக வைத்தார். தலைப்புத்தான் வேடிக்கை.

அந்த மனிதர் ஒரு சங்கீத ஆசிரியர். கண்ணில் பழுதில்லை, பார்ப்பதை இன்னதென்று அறிகிற மூளைதான் பழுதுபட்டுவிட்டது. கையுறை ஒன்றைக் கொடுத்து என்னவென்று கேட்டால், உள்ளே மடிந்த ஒரு பரப்பு, அதில் ஐந்து பைகள் என்று கணித வாத்தியார் மாதிரி வர்ணிக்கிறார். கையுறை என்று சொல்ல வரவில்லை. ரோஜாவை முகர்ந்த பிறகுதான் அது ரோஜா. கிளம்பும் நேரம் வந்துவிட்டதென்று தொப்பியைத் தேடுகிறவர், மனைவியின் தலையைப் பிடித்துத் தூக்கப் பார்க்கிறார்.

சாதாரணக் கதாசிரியன் இந்த இடத்தோடு முடித்துக்கொண்டிருப்பான். சாக்ஸ் அவர் வீட்டுக்குப் போகிறார். அங்கே எல்லாம் பாட்டினால் நடக்கிறது. சாப்பிட ஒரு பாட்டு, குளிக்க ஒரு பாட்டு, உடுத்த ஒரு பாட்டு. முணுமுணுத்துக்கொண்டே பலகாரத்தைத் தின்கிறவர், யாரோ கதவைத் தட்டியதும் திகைத்துப்போகிறார். எதிரே மேஜை நிறையப் பண்டங்கள். அவருக்கு எதுவுமே தெரியவில்லை. மனைவி காப்பியை ஊற்றுகிறாள். அந்த வாசனை அவரை மீட்டுக் கொடுக்கிறது. சாக்ஸ் மருந்து எதுவும் எழுதவில்லை; இதுவரை சங்கீதம் உங்கள் வாழ்க்கையின் மையம், இனி அதுவே முழு வாழ்க்கையாக இருக்கட்டும் என்கிறார். கடைசிவரை அவர் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்.

இதே புத்தகத்தில் 93 வயதுத் தச்சர் ஒருவர் வருகிறார். பார்க்கின்சன் நோயாளி. நடக்கும்போது உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது. அவருக்கோ நேராக நடப்பதாகவே நினைப்பு. தம் நடையைப் படத்தில் பார்த்தவுடன் தொழில்காரன் புத்தி வேலை செய்கிறது: ரசமட்டம்! தலைக்குள் இருந்தது கெட்டுவிட்டால் வெளியில் ஒன்று வைத்துக்கொண்டால் போகிறது என்று, மூக்குக்கண்ணாடியில் சின்ன ரசமட்டம் பொருத்திக்கொள்கிறார். முதலில் சில வாரங்கள் அலுப்பாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. கடைசிக் காலத்தில் மனிதனுக்குக் கைகொடுப்பது அவன் கற்ற தொழில் என்பதை இவ்வளவு ஆடம்பரமில்லாமல் சொன்ன சிறுகதைகள் குறைவு.

நோயாளிகளை இலக்கியச் சரக்காக்கிவிட்டார் என்று சாக்ஸ் மீது குறை சொன்னவர்கள் உண்டு. முகம் அடையாளம் தெரியாத குறை தமக்கும் உண்டு என்று 2010-ல் அவரே எழுதினார். ஆகவே கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர் என்று அவரைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. என் குறை வேறு. அந்தச் சங்கீத ஆசிரியரின் உடைகளைத் தினமும் அதே இடத்தில் எடுத்து வைத்தவள் மனைவி. இதைச் சாக்ஸ் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்கிறார். எனக்கோ கதையே அங்கேதான் ஆரம்பமாகிறது. நோயோடு பழகிக்கொண்டவர் ஒருவரல்ல, இரண்டு பேர். ஒருவருக்குப் பாட்டு இருந்தது. மற்றவளுக்கு என்ன இருந்தது?

ஓர் இடத்தில் அவள் எதிர்த்துப் பேசுகிறாள். சுவரில் கணவரின் ஓவியங்கள். ஆண்டுக்கு ஆண்டு உருவம் கலைந்து, கடைசியில் வெறும் கோடும் வர்ணமுமாக நிற்கின்றன. வைத்தியர் அதில் நோயின் வளர்ச்சியைப் பார்க்கிறார். அவளுக்குக் கோபம் வருகிறது: உங்களுக்குக் கலை புரியவில்லை, இது கலையின் வளர்ச்சி என்கிறாள். இரண்டுமே உண்மையாக இருக்கலாமோ என்று சாக்ஸ் பாதி இறங்கிவருகிறார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன்.

ஆனால் அவள் சொன்னது ரசனையா, பாசமா, கண்ணை மூடிக்கொண்டால்தான் நாளைக்கும் உடைகளை எடுத்து வைக்க முடியும் என்ற வைராக்கியமா? வைத்தியர் இதைக் கேட்காமல் போனது தப்பில்லை. நோயாளி அவள் இல்லையே. கதை எழுதுகிறவர்கள் கேட்டிருக்க வேண்டும்.