தேவியும் வில் வண்டியும்

சின்ன வயதில் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து தென்காசிக்கு வில் வண்டியில் போனதுண்டு. தாத்தாவும் மாமாவும் ஏறிக்கொண்டால் வண்டி தணிந்துபோகும். குழந்தைகள் மட்டும் என்றால் தூக்கித் தூக்கிப் போடும். பாரத்துக்குத் தக்கபடி தன்னைத் திருத்திக்கொள்ள இரும்புப் பட்டைக்குத் தெரியாது.

இந்தக் குறையைத் தீர்த்து வைத்த கார் ஒன்று உண்டு. 1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் சிட்ரோயன் கம்பெனி வெளியிட்ட டி.எஸ். அந்த இரண்டு எழுத்தையும் பிரெஞ்சுக்காரர் உச்சரித்தால் 'தேவி' என்று பொருள்படும்.

எல்லோரும் அதன் அழகைப் புகழ்கிறார்கள். சிற்பியான பெர்தோனி கொடுத்த உருவம், புகழ வேண்டியதுதான். ஆனால் என் மதிப்பு பால் மாஜெஸ் என்பவருக்கு. இவர் முறைப்படி இன்ஜினீயரிங் படித்தவரல்லர். சக்கரத்துக்கு ஒன்றாக இரும்பு உருண்டை. அதற்குள் நைட்ரஜன் வாயு. வாயுவை அழுத்தும் எண்ணெய். பாரம் கூடினால் பம்பு மேலும் எண்ணெயைச் செலுத்திக் காரைப் பழைய உயரத்துக்கே கொண்டுவந்துவிடும். நின்ற கார் தரையோடு தாழ்ந்து கிடக்கும். கிளப்பினால், படுத்திருந்த பசு எழுந்திருப்பது போல் மெல்ல எழும். 1954ல் பழைய மாடல் ஒன்றின் பின்சக்கரங்களில் மட்டும் பரீட்சை பார்த்துவிட்டே முழுக் காருக்கும் பொருத்தினார்கள். அந்தப் பொறுமை எழுத்தாளர்களுக்கும் நல்லது.

குறை இல்லையா? உண்டு. ஸ்டியரிங், பிரேக், கியர் எல்லாமே அந்த எண்ணெயை நம்பியிருந்தன. எண்ணெயோ ஈரத்தை இழுத்துக் குழாய்களை அரித்தது. 1966ல்தான் வேறு எண்ணெய்க்கு மாறினார்கள். இத்தனை புதுமைக்கும் நடுவில் என்ஜின் மட்டும் 1934ம் வருஷத்துக் காரின் வழிவந்தது! நடை புதிது, கதை பழசு என்று சில நாவல்களைச் சொல்வோமே, அது போல.

வில் வண்டியின் பட்டை முறிந்தால் எங்கள் ஊர்க் கொல்லர் சரிசெய்துவிடுவார். தேவியைத் தொடப் பழகிய கை வேண்டும். ஆகவே அது வீண் ஆடம்பரம் என்று நானும் ஒரு காலத்தில் வாதாடியிருக்கிறேன். 1962 ஆகஸ்டில் பாரிஸுக்கு அருகே ஜெனரல் தெகால் சென்ற டி.எஸ். மீது குண்டுமாரி பொழிந்த செய்தியைப் படித்த பிறகு வாதம் தளர்ந்தது. டயர்கள் கிழிந்தும் கார் ஓடித் தப்பியது. டிரைவரின் சாமர்த்தியம் பாதி. மாஜெஸின் உருண்டை பாதி என்பது என் அபிப்பிராயம்.

கம்பெனியும் தன் தவறை ஓரளவு உணர்ந்தது. ஸ்டியரிங்கையும் கியரையும் சாதாரணமாக வைத்து, ஐ.டி. என்று மலிவான தங்கை ஒன்றை 1957ல் விற்பனைக்கு விட்டது. 1975 வரை இரண்டுமாகச் சுமார் 14½ லட்சம் கார்கள் தயாராயின. 2021ல் அதே கம்பெனிப் பெயரில் நமது திருவள்ளூரிலேயே கார் தயாராகத் தொடங்கியது. வாயு உருண்டை மட்டும் அதில் இல்லை.

ஊர்க் கொல்லரை மட்டுமே நினைத்துக்கொண்டு வேலை செய்தால் வில் வண்டிக்கு மேல் எதுவும் பிறக்காது. அவரை அடியோடு மறந்துவிட்டாலோ, தேவி கடைசியில் மியூசியத்தில்தான் எழுந்தருள வேண்டும்.