கிண்டியின் 160 ஏக்கர்

கொழும்பு காலிமுகத்திடலில் ஒரு காலத்தில் பந்தயக் குதிரைகள் ஓடின. 1893-இல் பந்தயம் கறுவாத்தோட்டத்துக்குப் போனது. கடலோரப் புல்வெளி ஊருக்கு நின்றது. இன்றும் மாலையானால் அங்கே பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள். சென்னையின் கிண்டி ரேஸ் கோர்ஸை எடைபோடும்போது எனக்கு அந்தத் திடல்தான் நினைவுக்கு வருகிறது.

கிண்டியில் பந்தயம் தொடங்கியது 1777-இல். மெட்ராஸ் ரேஸ் கிளப் அமைந்தது 1896-இல். பிறகு 1946-இல் 99 ஆண்டுக் குத்தகை: சுமார் 160 ஏக்கருக்கு ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட இல்லை. வாடகையை உயர்த்தக் கேட்ட அரசுக்கும் கிளப்புக்கும் பல ஆண்டு வழக்கு நடந்தது. பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று 2023-இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 2024 செப்டம்பரில் அரசு நிலத்தை மீட்டு வளாகத்துக்கு சீல் வைத்தது.

கிளப் தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. 1974-இல் தமிழக அரசு பந்தயத்தைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. குதிரைப்பந்தயம் சூதல்ல, திறமை என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை ஏற்கிறேன். கிண்டி ஸ்டேஷனில் இறங்கி, ரேஸ் புத்தகத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே நடந்தவர்கள் குதிரையின் வம்சம், சுமக்கும் எடை, ஜாக்கியின் கை, ஓடுதளத்தின் ஈரம் எல்லாம் பார்த்தார்கள். சம்பளக் கவரைத் தொலைத்துவிட்டுத் திரும்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆனால் திறமையா சூதா என்ற வழக்கில் ஜெயித்தது, நாலு ரூபாய் வாடகைக்கு நியாயம் ஆகிவிடாது.

அந்த நிலத்தில் அடுக்குமாடி எழாமல் காத்தது பந்தயம்தான். இதை மறுப்பவர் கிண்டியைச் சரியாகப் பார்க்காதவர். ஆனாலும் அந்தத் திறந்தவெளி மதில் சுவருக்கு உள்ளேயே இருந்தது. 2015 மழையில் வேளச்சேரி வீடுகளில் தண்ணீர் புகுந்தபோது, ஒரு கூப்பிடு தூரத்தில் இத்தனை பெரிய மண்பரப்பு மழைநீரைத் தேக்கப் போதிய குளம் இல்லாமல் கிடந்தது.

ஆகவே நிலத்தை மீட்டது சரி என்பதே என் முடிவு. லாயத்தில் குதிரை தேய்த்துப் பிழைத்தவர்களுக்கு மாற்று வேலை தருவதும் அந்த மீட்பின் பகுதிதான். அது இல்லாமல் கணக்கு முடியாது. 118 ஏக்கரில் பூங்கா வரும் என்று அரசு அறிவித்து, குளங்களையும் வெட்டத் தொடங்கியது. பூங்கா என்ற பெயரில் கான்கிரீட் நுழைந்தால் கிளப்பே மேல் என்று சொல்ல வேண்டி வரும். குளங்களுக்கு மதிப்பெண் போட வேண்டியது வடகிழக்குப் பருவமழையில், வேளச்சேரியின் எந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று பார்த்து.