சொல்லைச் சீண்டும் உரையாடல்: கி.ரா.வின் அகராதியும் கடுதாசியும்

வட்டார வழக்கை ஆராய்வோர் கி. ராஜநாராயணனை இருவேறு இடங்களில் வைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. 1982இல் வெளிவந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி அவர்களுக்குத் தரவு நூல். 1980களில் ஜூனியர் விகடனில் தொடராக வந்த ‘கரிசல் காட்டுக் கடுதாசி’யோ பத்திரிகைப் பத்தி, சுவையான பின்னணிச் செய்திகளுக்கு மட்டும் எடுத்தாளத்தக்கது. இப்பகுப்பு பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அகராதி தொடங்கிய வேலையைக் கடுதாசி வேறு முறையில் தொடர்கிறது; சில இடங்களில் அதைத் திருத்தவும் செய்கிறது.

அகராதியின் இயல்பு சொல்லைப் பேச்சிலிருந்து பிரித்து அகர வரிசையில் நிறுத்துவது. ‘சம்சாரி’ என்ற சொல்லுக்கு எதிரே ‘விவசாயி’ என்று பொருள் எழுதிவிட்டால் அகராதியின் கடமை முடிந்தது. ஆனால், வட தமிழகத்து வாசகருக்குச் ‘சம்சாரம்’ என்றால் மனைவி. ‘சம்சாரி’ என்றால் குடும்பஸ்தன். கரிசலில் அச்சொல் நிலத்தோடும் மாட்டோடும் மழையோடும் கட்டுண்டவனைக் குறிக்கிறது. கூலிக்கு உழைப்பவனுக்கும் குடும்பம் உண்டு. அவனைச் சம்சாரி என்பதில்லை. யார் யாரை எப்போது அப்படி அழைப்பர் என்பதைப் பொருள் வரி சொல்லாது. அதைச் சொல்ல ஒரு திண்ணையும், பேசுவோர் இருவரும், ஒருவரை ஒருவர் சீண்டும் உரிமையும் வேண்டும். கடுதாசியின் நடை இவற்றைத் தருகிறது. எழுதுபவர் வாசகரை எதிரே உட்கார்த்திப் பேசுகிறார், கிளைக்கதைக்குள் நுழைகிறார், திரும்பி வருகிறார். இடையில் ஒரு சொல் தட்டுப்பட்டால் அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கிறார். அங்கே வேடிக்கை வெறும் அலங்காரமன்று. சொல்லின் புழங்குசூழலைப் பதிவு செய்யும் கருவி.

தொடரின் தலைப்பையே எடுத்துக்கொள்ளலாம். ‘கடுதாசி’ தமிழ் வேர் கொண்ட சொல் அன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி அதைப் போர்த்துகீசியத்தோடு இணைக்கிறது. இலங்கைத் தமிழில் ‘கடதாசி’ இன்றும் தாளையே குறிக்கிறது. தமிழக நாட்டுப்புறத்தில் அது கடிதமாயிற்று. கடல் கடந்து வந்த சொல் கரிசல் மண்ணின் அடையாளமாகத் தலைப்பில் நிற்கிறது. வட்டார வழக்கைத் ‘தூய தமிழின் எச்சம்’ என்று மட்டும் பாராட்டும் ஆய்வுப் போக்குக்கு இத்தலைப்பே மறுப்பாகிறது.

இங்கு மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. இடைசெவல் என்னும் ஒரே ஊரில் பிறந்த கி.ரா., கு. அழகிரிசாமி இருவருக்கும் வீட்டுமொழி தெலுங்கு. கரிசல் தமிழைப் பெரிதும் எழுத்தில் நிலைநிறுத்திய இருவரும் அம்மொழியை வீட்டுக்கு வெளியிலும் கேட்டுப் பழகியவர்கள். ஒரே மொழிக்குள் வாழ்பவனுக்குத் தன் சொற்கள் விநோதமாகத் தோன்றுவதில்லை. இரு மொழிகளுக்கு இடையே வாழ்பவன் ஒவ்வொரு சொல்லையும் சற்றே தள்ளி நின்று கேட்கிறான். நண்பர்களிடையே ஓயாது நடந்த கடிதப் போக்குவரத்து இந்தச் செவியைக் கூர்மையாக்கியிருக்க வேண்டும். அழகிரிசாமி 1970இல் மறைந்தார், கி.ரா. அவர் தமக்கு எழுதிய கடிதங்களைப் பாதுகாத்து நூலாக்கினார். அகராதிக்கு முன்பே இருந்த பட்டறை அக்கடிதப் பழக்கம் என்று கொள்வதில் தவறில்லை.

விளையாட்டுக்கு அஞ்சாதவர் என்பதால்தான் அகராதிக்காரர் தயங்கும் சொற்களையும் கி.ரா.வால் தொட முடிந்தது. ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ தொகுப்பில் பாலியல் நாட்டுப்புறக் கதைகளை அவர் வெளியிட்டபோது எழுந்த முகச்சுளிப்பு நாம் அறிந்ததே. கொச்சை, கெட்ட வார்த்தை என்னும் பகுப்புகள் மொழியியல் சார்ந்தவை அல்ல, சமூகம் சார்ந்தவை. இதை அவர் கோட்பாடாக வாதிடவில்லை, சிரித்துக்கொண்டே செய்து காட்டினார். முறையான பள்ளிக் கல்வி அதிகம் இல்லாத அவரை 1980களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்தது, இச்செயலுக்குக் கல்வியுலகம் அளித்த ஏற்பு.

எனினும், இவ்விளையாட்டுக்கு ஒரு விலை உண்டு. பேச்சு நடக்கும் திண்ணை யாருடையது? பெரும்பாலும் நிலமுள்ள வீட்டுத் திண்ணை. உழைக்கும் சாதியினரின் சொற்களும், சமையற்கட்டிலும் களையெடுப்பிலும் பெண்கள் தங்களுக்குள் புழங்கும் சொற்களும் சம்சாரியின் செவி வழியாக வடிந்தே நம்மிடம் வருகின்றன. கேட்டவரின் சிரிப்பு சொன்னவரின் சிரிப்பாகவே இருந்திருக்கும் என்று நம்பிவிட முடியாது. கி.ரா. ரசித்த ஒரு சொல், அதைச் சொன்னவருக்கு வசையாகவோ வலியாகவோ இருந்திருக்கலாம். கடுதாசியைத் தரவாகக் கொள்ளும் ஆய்வாளர் சொல்லோடு சொன்னவரையும் குறித்துக்கொள்ள வேண்டியது இதனால்தான். அகராதியில் இக்குறை மறைந்துவிடுகிறது. கடுதாசியில் பேசும் குரல் வெளிப்படையாக இருப்பதால் குறையும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆய்வு நோக்கில் இது கடுதாசியின் பலம் என்றே சொல்வேன்.

கி.ரா.வுக்குப் பின் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கும் கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கும் அகராதி செய்தனர். மூவரும் புனைகதையாளர்கள் என்பது தற்செயலன்று. ஆனால் சோழவரம், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக்கு அத்தகைய பெயர் பெற்ற தொகுப்பு அமையவில்லை. சென்னையின் குடிநீருக்கு நீர் தேக்கும் சோழவரத்தில் ‘ஏரி’ என்பதைக் கரிசலில் ‘கம்மாய்’ என்பர். மிகுநீர் வழியும் இடத்துக்கு இங்கே ‘கலங்கல்’, தெற்கே ‘மறுகால்’. ஆந்திர எல்லையை ஒட்டிய இப்பகுதியிலும் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் கலந்து ஒலிக்கின்றன; இடைசெவலில் இருந்த அதே இருமொழிச் சூழல். இப்போது கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒடியாவும் இந்தியும் சேர்ந்துள்ளன. ஏரிப்பாசனச் சொற்கள் வயல்களோடு மறைய, தொழிற்கூடத்து வாயிலில் பெயரிடப்படாத கலவை ஒன்று உருவாகிறது. அதைத் தொகுக்க வினாநிரல் ஏந்திச் செல்லும் ஆய்வாளருக்குச் சொற்பட்டியல் கிடைக்கும். எந்தச் சொல்லைக் கேட்டு யார் சிரித்தார், யார் முகம் திருப்பினார் என்பது, வாயில் அருகே தேநீர்க் கடைப் பெஞ்சில் சில மாதங்களேனும் உட்கார்ந்து பேச்சில் கலப்பவருக்கே கிடைக்கும்.