ஒன்டாவின் உலக்கைகள்

பெயரற்ற கைவினைஞனே தன்னையறியாமல் அழகைச் சிருஷ்டிக்கிறான் என்ற யனாகி ஸோஎட்ஸுவின் வாதத்தை நான் வெகுகாலம் ஒப்புக்கொண்டிருந்தேன். நம்மில் பலருக்கும் அது உவப்பானதுதான். இதழ் கைக்கு வந்ததும் முதலில் தன் பெயரைத் தேடுகிறவனுக்கு இப்படியொரு தத்துவம் தேவைப்படுகிறது. க்யூஷு தீவில், ஹிதா நகரத்துக்கு மேலே மலைமடிப்பில் கிடக்கும் ஒன்டாவுக்குப் போனபோதும் இதைத்தான் சுமந்துகொண்டு போனேன்.

ஊர் என்று சொல்ல ஒரு தெரு. பத்துக் குடும்பங்களை ஒட்டி மண்பாண்டம் வனைகிறார்கள். 1705இல் தொடங்கிய தொழில். எதுவும் கண்ணில் படுமுன் சத்தம் வந்துவிடுகிறது. ஓடைக்கரையில் ஏற்றம்போல் நிறுத்திய பருத்த மரங்கள். ஒரு முனையில் குடைந்த பள்ளத்தில் தண்ணீர் நிறைகிறது, கனத்தில் தாழ்கிறது, கொட்டிப்போகிறது. உயர்ந்திருந்த மறுமுனை உலக்கை மண்கட்டியின்மேல் தொம்மென்று விழுகிறது. ராத்திரியும் நிற்பதில்லை. இப்படி இடிபட்டு மண் மாவாக வாரக்கணக்கில் ஆகிறது. பிறகு கரைத்து, வடித்து, உலர்த்தவேண்டும். ஆக, எவ்வளவு வனையலாம் என்பதை ஓடை தீர்மானிக்கிறது. குயவனின் அகங்காரத்துக்கு இதில் வேலையில்லை, தியாகத்துக்கும்தான்.

இங்கேதான் யனாகியோடு எனக்குப் பிணக்கு. 1931இல் இங்கே வந்த அவர், இந்தத் தன்முனைப்பின்மையை ஏறக்குறைய ஓர் ஆன்மிக நிலையாகவே கண்டார். ஆனால் பொதுச் சூளை, வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கே தொழில் என்ற வழக்கம், பெயர் பொறிப்பதில்லை என்ற ஊர்க்கட்டு எல்லாம் மனிதர்கள் கலந்து பேசி, முணுமுணுத்து, காப்பாற்றிவரும் ஏற்பாடுகள். 2017 பெருமழையில் உலக்கைகள் பல சேதமானபோது அவற்றையேதான் மறுபடி நிறுத்தினார்கள். அறிந்து செய்கிறவர்களை அறியாமையின் பெயரால் புகழ்வது படித்தவனின் சௌகரியம்.

புகழுக்கு விளைவும் உண்டு. 1954இல் பெர்னார்ட் லீச் வந்து சில வாரங்கள் தங்கி வேலை செய்தார். பார்வையாளர்கள் பெருகினார்கள். பெயரின்மையைக் கொண்டாடிய விமர்சனமே ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அந்தப் பெயரும் சந்தையும் ஊருக்குள் உண்டாக்கிய உரசல்களை ப்ரையன் மோரன் 1984இல் ஒரு நூலாகவே எழுதினார். யனாகியைப் படிப்பவர்கள் அதையும் படிக்கவேண்டும்.

யனாகியின் தோழர் ஹமாடா ஷோஜி இன்னும் சிக்கலான விஷயம். பாண்டத்தில் கையெழுத்திட மாட்டார். அதை வைக்கும் மரப்பெட்டியில் இடுவார். 1955இல் அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' ஆக்கியது. பாசாங்கு என்று சொல்ல மனம் வரவில்லை, பாண்டங்கள் அவ்வளவு நன்றாக இருக்கின்றன. ஆனாலும் பெட்டி உறுத்துகிறது. ஒன்டாவுக்கு 1995இல் அரசு அங்கீகாரம் வந்தபோது அது தனியாளுக்கு அல்ல, குயவர்களின் கூட்டமைப்புக்கே தரப்பட்டது. எனக்கு இது மேலாகப் படுகிறது.

ஒரு தட்டு வாங்கினேன். வெண்களிப் பூச்சின்மேல் இரும்புத் தகடு துள்ளித் துள்ளி விட்டுப்போன வடுக்கள், வட்ட வட்டமாக. என்னையறியாமல் அதைப் புரட்டி அடிப்பக்கம் பார்த்தேன். பெயர் இல்லை. விற்ற அம்மாள் நான் விரிசல் தேடுவதாக நினைத்துவிட்டாள் போலும். தட்டை வாங்கி, விளிம்பில் விரலால் சுண்டி, என் காதருகே பிடித்தாள்.