காண்பதும் உள்ளதும்: பாரதியின் ‘உலகத்தை நோக்கி வினவுதல்’ – ஒரு மறுவாசிப்பு

பாரதியின் (1882–1921) ஞானப் பாடல்களுள் ‘உலகத்தை நோக்கி வினவுதல்’ பலரும் அறிந்த ஒன்றாகும். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பாரதி’ திரைப்படத்தின் வழி அது மேலும் பரவலாக அறிமுகமாயிற்று. எனினும், இப்பாடல் ‘உலகம் மாயை’ என்னும் கொள்கையை உணர்த்துவது என்றே விளக்கப்படுவதை வகுப்பறைகளில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கவிஞர் எழுப்பும் வினாக்களையே அவர்தம் விடைகளாகக் கொண்டதனால் விளைந்த பிழை இது. இப்பிழை ஒரு பாடலின் பொருளோடு நிற்பதன்று. உலகைப் பற்றிப் பாரதி கொண்டிருந்த பார்வையையே தலைகீழாக்குவதாகும்.

‘கருத்துமுதல்வாதம்’ என்னும் ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு கொள்கைகளை அடக்கிவிடுவது இக்குழப்பத்திற்கு முதற்காரணம் எனலாம். வசுபந்து முதலிய பௌத்த விஞ்ஞானவாதிகள், அறிவுக்குப் புறம்பாகப் பொருள் இல்லை என்றனர். புறப்பொருள் இன்றியே காட்சி எழக்கூடும் என்பதற்குக் கனவைச் சான்றாகக் காட்டினர். மாயாவாதியென்று சுட்டப்படும் சங்கரரோ பிரமசூத்திர உரையில் இக்கொள்கையை மறுக்கிறார். தூணையும் சுவரையும் காண்பவன் தன் அறிவையே தூணாகவும் சுவராகவும் காண்பதில்லை என்பதும், கனவு விழிப்பினால் பொய்யாக்கப்படுவதுபோல் விழிப்புநிலைக் காட்சி பொய்யாக்கப்படுவதில்லை என்பதும் அவர்தம் வாதங்கள். அருணந்தி சிவாசாரியாரும் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் யோகாசாரரையும் மாயாவாதியையும் தனித்தனியே நிறுத்தி மறுத்துள்ளார். நம் முன்னோர் பிரித்தறிந்தவற்றை நாம் ஒன்றாக்குதல் தகாது.

இனிப் பாடலுக்கு வருவோம். கனவு, கானல்நீர், பார்வைத் தவறு என்று பாரதி அடுக்குவன யாவும் மேற்கூறிய தருக்க நூல்களில் பயின்று வந்த உவமைகளே. ஆனால் அவை அனைத்தும் வினாவாகவே வருகின்றன. மேலும், அவ்வினாக்கள் ஆசிரியரையோ நூலையோ நோக்கியன அல்ல. உலகையே முன்னிலையில் நிறுத்திக் கேட்கப்படுகின்றன. இல்லாத ஒன்றை எவரும் விளித்துப் பேசார் என்று இதனைத் தருக்கமாக்க வேண்டுவதில்லை. கவிதையில் இல்லாதவற்றையும் விளிப்பதுண்டு. ஆயினும், உலகின் உண்மையை உலகிடமே கேட்டறியலாம் என்னும் நம்பிக்கை அவ்விளியில் இருப்பதை மறுத்தல் இயலாது. இடையில் ஐயம் உலகைக் கடந்து கவிஞரையே தொடுகிறது. தாமும் ஒரு கனவோ என வினவுகிறார். அவ்விடமே பாடலின் திருப்புமுனையாகும்.

அதன்பின் வினாக்களின் இயல்பு மாறுகிறது. காலத்தை ஒரு நினைவாகவும் காட்சிகளைப் பல நினைவுகளாகவும் கொண்டாலும், அவற்றில் தோன்றும் வடிவும் குணமும் பொய்யாகிவிடுமோ என்கிறார். உலகம் நினைவுமயம் என்பதை வாதத்திற்காக ஏற்றுக்கொண்டே, அதனால் அது பொய் என்னும் முடிவை மட்டும் மறுக்கும் நுட்பம் இங்கே கருதத்தக்கது. அடுத்து, மரங்கள் விதையினின்று தோன்றுவதனால் சோலை பொய்யாகுமோ என வினவுகிறார். காரியம் காரணத்தில் முன்பே உளது என்னும் சற்காரியவாதத்தின் சாயல் இதில் உண்டு. சைவ சித்தாந்தத்தில் மாயை என்பது பொய்த்தோற்றம் அன்று; உலகிற்கு முதற்காரணமாகிய உள்பொருள். மாயை என்னும் சொல்லை மாணவருக்கு விளக்குங்கால் இவ்விரு பொருளையும் ஆசிரியர் பிரித்துக் காட்டுதல் வேண்டும்.

இறுதிப் பகுதியே நம் கருத்துக்கு அரணாவது. காணப்படுவதே உறுதி, அதற்கு அப்பால் உறுதி வேறில்லை, அக்காட்சி சக்தியின் வடிவம், அது என்றும் உளது என்னும் கருத்துடன் பாடல் முடிகிறது. 1710ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் பார்க்கிலி கூறியதை இது நினைவூட்டுகிறது. காட்சிக்கு அப்பாற்பட்ட சடப்பொருளை மறுத்த அவர், கண்ட பொருள்களை மறுத்தாரல்லர். இறைவனது அறிவில் அவை நிலைபெறும் என்றார். பாரதியிடம் அவ்விடத்தில் நிற்பது சக்தி. ஆனால் பார்க்கிலியின் இறைவன் காண்பவன். பாரதியின் சக்தியோ காட்சியாகவே விளங்குபவள். எனவே அவரைப் பொருள்முதல்வாதி என்பாரது முடிபும் பொருந்தாது.

பாடலில் தருக்கக் குறை ஒன்றும் உண்டு. காணப்படுவன மறையுமெனில் மறைந்தன மீண்டும் காணப்படும் அன்றோ என்னும் வினா, ஒரு கூற்றை அதன் மறுதலையோடு சமன்செய்கிறது. தருக்க நூலார் இதனை ஏற்கமாட்டார். மறைதல் அழிதல் அன்று என்னும் துணிபு முன்பே இருந்தாலன்றி இவ்வாதம் நில்லாது.

அத்துணிபு எங்கிருந்து வந்தது? இப்பாடலுக்குப் பாரதி எழுதிய உரைநடை முன்னுரை விடை தருகிறது. உலகம் பொய் என்னும் சொல்லைத் துறவியர் சொல்லிக்கொள்ளட்டும். மனைவியும் மக்களும் வாழும் இல்லத்தில் அதனைச் சொல்லலாமா என்பதே அங்கு அவர் எழுப்பும் வினா. அவர்தம் அளவுகோல் தருக்கம் அன்று, இல்வாழ்க்கை. துயரில் உடன் அழுதவளைப் பொய் எனக் கொள்ள அவர் மனம் இசையவில்லை. ‘மாயையைப் பழித்தல்’ என்னும் பாடலில் மாயையையே முன்னிறுத்தி எள்ளுவதும் இம்மனநிலையின் தொடர்ச்சியே.

ஆகவே, இப்பாடலைக் கற்பிக்கும்போது முன்னுரையையும் இறுதிப் பகுதியையும் விடாது சேர்த்துப் படித்தல் இன்றியமையாதது. வினாவோடு நிறுத்தினால் மாணவர் பெறுவது உலக வெறுப்பு. முடிவுவரை சென்றால் பெறுவது உலகின்மீது பற்று. பாரதி நமக்கு விட்டுச்சென்றது பின்னையதே என்பது நம் துணிபு.