‘கில்லு’ என்னும் நெஞ்சக் காழ்ப்பு

திருமறையின் தமிழ்ப் பெயர்ப்புகளை மூலத்தோடு ஒப்பிட்டுப் பயில்வோர் ஒரு சொல்லின் அருகே சற்று நின்று செல்லவேண்டும் என விழைகிறோம். அச்சொல் ‘கில்லு’. முன்சென்ற விசுவாசிகளுக்காகப் பிழைபொறுக்க வேண்டும் பின்வந்தோர், ஈமான் கொண்டோர்மீது தம் உள்ளங்களில் ‘கில்லு’ இல்லாதிருக்கவும் இறைஞ்சுவதை அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் 10-ஆம் வசனம் கூறுகிறது. இதனைச் சிலர் ‘குரோதம்’ எனப் பெயர்த்தனர். சிலர் ‘பகை’ என்றனர். இரண்டும் பிழையல்ல, ஆயினும் நிறைவானவையும் அல்ல.

குரோதம் வடமொழியில் சினமே. தமிழ் வழக்கில் அது பகையுணர்வையும் குறிக்கும் எனினும், சினத்தின் வெம்மை அதனை விட்டு நீங்கவில்லை. சினம் பொங்கும், தணியும். பகையோ இருவரிடை வெளிப்பட நிற்பது. கில்லுக்கு ஒருவர் நெஞ்சே போதும். எவர்மீது கொண்டோமோ அவர் அறியாமலே அது வாழும்.

இமாம் ராகிப் அல்இஸ்பஹானீ தம் ‘முஃப்ரதாத்’ நூலில், ஒன்றன் நடுவே புகுந்து நிற்றல் என்பதை இவ்வேரின் கருத்தாகக் காட்டுகிறார். மரங்களினூடே ஓடும் நீருக்குக் ‘கலல்’ என்று பெயர். இகரம் உகரமாகிக் ‘குல்லு’ என நின்றால் அது கழுத்தில் பூட்டும் விலங்கு. யாஸீன் அத்தியாயத்தின் 8-ஆம் வசனத்தில் வரும் ‘அக்லால்’ இதன் பன்மையே. நீராய்ப் புகுந்தது விலங்காய் முடிகிறது. பூட்டுண்டவர் பிறரல்லர், அதனைச் சுமப்பவரே என எமக்குத் தோன்றுகிறது.

இதன் உறவுச் சொல் ‘ஹிக்து’. மழை பெய்யாது தங்கிவிடுவதையும் அரபியர் இவ்வேரால் சுட்டுவர். ஹிஜ்ரி 505-இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி, பழிதீர்க்க இயலாமல் விழுங்கப்பட்ட சினமே உள்ளே தங்கி ஹிக்தாகிறது என ‘இஹ்யா’வில் விளக்குவார்.

இப்பொருளுக்கு இயைந்த தமிழ்ச்சொல் காழ்ப்பு. காழ் என்பது மரத்தின் வயிரம். முள்மரத்தை இளமையிலேயே களைக என்னும் வள்ளுவர், முதிர்ந்தபின் அது களைவோர் கையையே வருத்தும் என்றுரைக்குமிடத்து இச்சொல்லின் வினையையே ஆள்கிறார்.

இது வெறும் சொல்வழக்கன்று. ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுகிறோம். பெருநாளன்று முஸாபஹாவும் செய்கிறோம். ஆனால், பாகப்பிரிவினை நாளில் உடன்பிறந்தான் சொன்ன ஒரு சொல்லைப் பத்தாண்டு கடந்தும் நெஞ்சில் வைத்திருக்கிறோம். கேட்டால், “கோபமா? எவர்மீதும் இல்லையே” என்கிறோம், அது பொய்யுமன்று. குரோதம் என்று படிக்கையில் இவ்வசனம் நமக்கன்று எனக் கடந்துவிடுகிறோம். காழ்ப்பு என்று படித்தால் கடக்க இயலுமா?

சுவனவாசிகளின் நெஞ்சங்களிலுள்ள கில்லை அல்லாஹ் அகற்றிவிடுவதையும், அவர்கள் சகோதரராய் எதிரெதிரே அமர்ந்திருப்பதையும் அல்ஹிஜ்ரின் 47-ஆம் வசனம் காட்டுகிறது. நல்லோர் நெஞ்சிலும் அது தங்கக்கூடும். தங்கியிருக்கும்வரை முகம் நோக்கி அமர்தல் அரிது. ஆதலின், பெயர்ப்பாளர் இச்சொல்லை மீண்டும் எண்ணிப் பார்ப்பாராக. வாசகர் தத்தம் நெஞ்சையும் எண்ணிப் பார்ப்பாராக.